சகலைக்கு விழுந்த கைதட்டு

விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் என் கடை இருக்கிறது. டைப்பிங், பிரிண்ட், பைண்டிங், பிளெக்ஸ் எல்லாம் உண்டு. காதுகுத்துக்கும் கருமாதிக்கும் பிளெக்ஸ் அடிக்கிற அதே கையால் முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கும் அட்டை போடுகிறேன். இந்த ஊரில் பீங்கான் பொம்மை செய்கிறவர்களைவிட ஆராய்ச்சி செய்கிறவர்கள்தான் அதிகமோ என்று எனக்குச் சில நாள் தோன்றும். வருகிற ஆள் ஒவ்வொருவரும் "இன்னிக்கே வேணும்" என்று கழுத்தில் உட்காருவதால் அப்படித் தெரியலாம்.

அப்படிக் கழுத்தில் உட்கார்ந்தவர்களில் முதல் ஆள் என் அக்கா பூங்கோதையின் வீட்டுக்காரர், தனக்கோடி மாமா. அவரைப் பற்றித்தான் எழுதுகிறேன். இதைப் படித்தால் கோபித்துக்கொள்வார். எழுதாமல் விட்டால், "அப்போ யாரைப் பத்தி எழுதப் போற, அவனைப் பத்தியா?" என்று அதற்கும் கோபித்துக்கொள்வார். அவன் என்று அவர் சொன்னால் அது அன்புச்செல்வன். என் தங்கச்சி இளமதியின் வீட்டுக்காரர். மாமாவுக்குச் சகலை.

மாமா கருவேப்பிலங்குறிச்சிக்காரர். கரும்பும் நெல்லும் போடுகிற குடும்பத்தில் முதலில் எம்.ஏ. முடித்தவர். வரலாறு. கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் பேரில் மட்டும் இருக்கிற வேலை, வருஷா வருஷம் ஜூன் மாதம் வந்தால் மறுபடியும் எடுப்பார்களா என்று தெரியாது. அக்காவைப் பெண் பார்க்க வந்தபோதே ஆராய்ச்சியில் சேர்ந்திருந்தார். கல்யாணப் பத்திரிகையில் அவர் பேருக்குப் பின்னால் எம்.ஏ., எம்.ஃபில். என்று போட்டு, அதற்கு அப்புறம் பிஎச்.டி.யை பிராக்கெட்டுக்குள் போட்டோம். எங்கள் பக்கம் அதுதான் வழக்கம். படித்துக்கொண்டிருக்கிற பட்டம் பிராக்கெட்டுக்குள் இருக்கும், முடித்தவுடன் பிராக்கெட்டை எடுத்துவிடலாம்.

மாமாவின் பிராக்கெட் எடுபடவே இல்லை. மகள் வெண்பா பிறந்தாள், மொட்டை போட்டார்கள், காது குத்தினார்கள். ஒவ்வொரு பத்திரிகையையும் நான்தான் அடித்தேன். பழைய பைலைத் திறந்து தேதியை மட்டும் மாற்றுவேன். கல்யாணத்தில் போட்ட பிராக்கெட் கலையாமல் அப்படியே இருக்கும். ஒருமுறை அதைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். மூன்று மாதம் கடைப் பக்கமே வரவில்லை.

அவர் சோம்பேறி இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். பீங்கான் பட்டறைகளில் வேலை செய்யும் பெண்களைப் பற்றி ஆராய்ச்சி. அகல்விளக்குக்கு அச்சு அழுத்துகிறவர்கள், பொம்மைக்குப் பிசிறு எடுக்கிறவர்கள், சூளையில் அடுக்குகிறவர்கள் என்று ஒருத்தர் விடாமல் பார்த்துப் பேசுவார். அவர்களும் இவரிடம் மட்டும் மனசு விட்டுப் பேசுவார்கள். முடிக்கத்தான் அவருக்கு வராது. "இன்னும் ஒரு அம்மாவப் பாக்கணும் மச்சான்" என்பார். அந்த ஒரு அம்மா முடிந்தால், ஆராய்ச்சிக்கு வழிகாட்டுகிற கைடு கூப்பிடுவார். கைடு மகளுக்குக் கல்யாண மண்டபம் பார்த்தது மாமா, பந்திக்கு ஆள் பிடித்தது மாமா. அந்தக் கைடு ரிட்டயர் ஆனார். புதுக் கைடு வந்து முதல் இயலை மறுபடியும் எழுதச் சொன்னார்.

இந்த நேரத்தில்தான் இளமதிக்குக் கல்யாணமாகி அன்புச்செல்வன் வந்து சேர்ந்தார். எங்கள் மாவட்டத்து மங்களூர்ப் பக்கம். வேதியியல். ஒரு இன்ஜினியரிங் காலேஜில் வேலை. மாமாவுக்கு ரொம்பப் பிறகு ஆராய்ச்சியில் சேர்ந்து, ரொம்ப முன்னாடியே எழுதிக் கொடுத்துவிட்டார். பட்டறைகளில் சேதாரமாகிற பீங்கானை அரைத்து, நெய்வேலி அனல்மின் நிலையத்துச் சாம்பலோடு கலந்து, தரைக்கு டைல்ஸ் செய்வது அவருடைய ஆராய்ச்சி. அதே ஊர், அதே பட்டறை, அதே பீங்கான். அது போதாதா மாமாவுக்கு?

"அது ஒரு ஆராய்ச்சியா மச்சான்? கலக்கறான், சுடறான், பாக்கறான். உங்க அக்கா தெனம் தோசைக்கு அதத்தான் பண்றா" என்பார்.

அன்புச்செல்வனும் லேசுப்பட்டவர் இல்லை. ஒரு தீபாவளிக்கு மங்கலம்பேட்டையில் எங்கள் வீட்டில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "அண்ணே, உங்க சப்ஜெக்ட்டு பரவால்ல. லேப்பு கிடையாது, மெஷினு கிடையாது. போய்ப் பேசிட்டு வந்து எழுதறதுதான?" என்றார். வேண்டுமென்று சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மாமா அதோடு எழுந்து கை கழுவப் போய்விட்டார். ஆட்டுக்கறி அப்படியே இலையில் கிடந்தது. அக்கா அன்றைக்கு முழுக்கத் தங்கச்சியோடு பேசவில்லை.

எங்கள் அப்பா பழமலை, உரக்கடை வைத்திருக்கிறார். அவருக்கு ஆராய்ச்சி என்றால் என்னவென்று தெரியாது, யார் முதலில் முடித்தார்கள் என்பது தெரியும். கடைக்கு வருகிறவர்களிடம் "பெரிய மாப்ள வாத்தியாரு, சின்ன மாப்ள டாக்டரு" என்று சொல்லிவிட்டார். பட்டம் வருவதற்கு முன்பே சொல்லிவிட்டார். அது மாமா காதுக்குப் போனது. அதற்குப் பிறகு மாமனார் வீட்டுக்குப் போக வேண்டும் என்றாலே அவருக்குத் தலைவலி வரும்.

அன்புச்செல்வனின் வைவா தேதி குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வந்தது. எல்லாரும் பூங்கொத்துப் போட்டார்கள். மாமா கட்டைவிரலை மட்டும் உயர்த்திப் போட்டுவிட்டு, குரூப்பை மியூட் செய்தார். கடையில் என் எதிரில் உட்கார்ந்துதான் செய்தார்.

வைவாவைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். ஆராய்ச்சி செய்தவர் மேடையில் நின்று பேசுவார், வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் கேள்வி கேட்பார். அதோடு, சபையில் இருக்கிற யார் வேண்டுமானாலும் கேட்கலாம். யாரும் கேட்காவிட்டால் அசிங்கமாக இருக்கும், ஏடாகூடமாகக் கேட்டால் அதைவிட அசிங்கம். அதனால் வேண்டியவர்களிடம் முன்கூட்டியே கேள்வியைக் கொடுத்து வைத்துவிடுவார்கள். அன்புச்செல்வனும் என் கடையில்தான் கேள்விகளை பிரிண்ட் எடுத்து, துண்டு துண்டாகக் கத்தரித்துக்கொண்டு போனார். ஒரு துண்டு மாமாவுக்கு.

"அண்ணே, நீங்க எழுந்து கேட்டா எனக்குக் கௌரவமா இருக்கும்" என்று வீட்டுக்கே போய்க் கொடுத்தார்.

இந்த டைல்ஸின் எதிர்காலப் பயன்கள் என்னென்ன. இதுதான் கேள்வி. மாமா அதை எடுத்துக்கொண்டு நேராக என் கடைக்கு வந்தார்.

"வெண்பா கேப்பா மச்சான் இந்தக் கேள்விய. எனக்கு இதக் குடுத்திருக்கறான் பாரு."

"புடிக்கலன்னா கேக்காதீங்க மாமா."

"கேப்பேன். நான் கேக்கறதக் கேப்பேன்" என்று துண்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அந்த முகம் எனக்குப் பிடிக்கவில்லை. அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "அவரு சத்தமெல்லாம் வூட்டுல மட்டுந்தான்டா, வெளில ஒண்ணும் கேக்க மாட்டாரு" என்றாள்.

வைவா அன்று நான்தான் போட்டோ, வீடியோ. முன்வரிசையில் அப்பா, இளமதி, அவள் மகன் பாரி. அன்புச்செல்வன் கோட்டுப் போட்டுக்கொண்டு நன்றாகவே பேசினார். பேராசிரியரின் கேள்விகளுக்கும் தடங்கல் இல்லாமல் பதில் சொன்னார். முதல் துண்டு, இரண்டாவது துண்டு எல்லாம் ஒழுங்காக நடந்தது. அடுத்து மாமா எழுந்தார்.

"சேதாரமாவுற பீங்கான் எல்லாம் கழிவுன்னு எழுதியிருக்கறீங்க தம்பி. கீறல் விட்ட பொம்மைகள சனிக்கெழம சனிக்கெழம வேல செய்யற பொம்பளைங்க எடுத்துட்டுப் போவாங்க. வெள்ள சிமெண்ட்டு பூசி, பெயிண்ட் அடிச்சு, மாசி மகத்துல கட போட்டு விப்பாங்க. பல வூட்டுல புள்ளைங்களுக்கு ஃபீஸு கட்டறது அதுலதான். அத நீங்க டைல்ஸுக்கு அள்ளிட்டுப் போயிட்டா அவங்க என்ன விப்பாங்க?"

அன்புச்செல்வன் தண்ணீர் குடித்தார். மறுபடியும் குடித்தார். இளமதி திரும்பி மாமாவைப் பார்த்தாள். என் தங்கச்சி அப்படி ஒருவரைப் பார்த்து நான் கண்டதில்லை. அப்பாவுக்குக் கேள்வி புரியவில்லை, மாப்பிள்ளை மாட்டிக்கொண்டார் என்பது மட்டும் புரிந்தது. மாமாவோ கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வருஷக்கணக்காக வயிற்றில் எரிந்தது அன்றைக்கு அணைந்துவிட்ட மாதிரி அப்படி ஒரு நிம்மதி முகத்தில்.

வெளியூர்ப் பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். "ரொம்ப முக்கியமான கேள்வி. இதுக்குப் பதில் தெரியாம இந்த ஆராய்ச்சிய எப்படி ஏத்துக்கறது?" என்றார். அன்புச்செல்வன் மைக்கைப் பிடித்துக்கொண்டே, "அண்ணன்தான் இதுல ஆராய்ச்சி பண்றவங்க. அவங்க சொன்னா நல்லா இருக்கும் சார்" என்றார். மைக் கைமாறி மாமாவிடம் வந்தது.

தெரியாது என்று சொல்லி உட்கார்ந்திருந்தால் அன்றைக்குச் சகலை கதை முடிந்திருக்கும். மாமாவால் முடியவில்லை. இத்தனை வருஷம் சேர்த்து வைத்ததைக் கேட்க ஒரு சபை உட்கார்ந்திருக்கிறது, கையில் மைக் இருக்கிறது, விடுவாரா? பேசினார். எந்தச் சேதாரத்தைப் பெண்கள் எடுப்பார்கள், எதைத் தொடவே மாட்டார்கள், பீங்கான் சுடாமல் பச்சையாக உடைந்தால் என்ன ஆகும், சுட்ட பிறகு உடைந்தால் எங்கே கொட்டுவார்கள் என்று எல்லாம் சொன்னார். கீறல் விட்ட பொம்மை மட்டும்தான் பெண்களுக்கு. நொறுங்கிப்போன சில்லுதான் மலை மாதிரி குவிகிறது, அதை யாரும் சீண்டுவதில்லை, டைல்ஸுக்கு அதை மட்டும் எடுத்தால் ஒருத்தருக்கும் பாதகமில்லை. ஒவ்வொரு பெண்ணும் சொன்னதை அந்தப் பெண் சொன்ன மாதிரியே சொன்னார். சபை சிரித்தது, ஒரு இடத்தில் கண்ணைத் துடைத்தது. முடித்ததும் கைதட்டு நிற்கவே இல்லை.

"டாக்டர், நீங்க எந்த யுனிவர்சிட்டி?" என்று பேராசிரியர் மாமாவைக் கேட்டார்.

"இன்னும் முடிக்கலிங்க சார்" என்றார் மாமா.

அன்புச்செல்வனுக்குப் பட்டம் அறிவித்தார்கள். அதற்கும் தட்டினார்கள், சம்பிரதாயத்துக்குத் தட்டினார்கள். சாப்பாட்டில் பேராசிரியர் மாமாவைப் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டார். கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்த சின்ன மாப்பிள்ளை, அந்த இலைக்கு மட்டும் சாம்பார் ஊற்ற வரவில்லை. திரும்பி வரும்போது வேனில் அப்பா, "பெரிய மாப்ள நல்லா பேசுனாரு" என்றார். அன்புச்செல்வன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த முகம் எனக்குப் பழக்கப்பட்ட முகம்தான். மாமாவிடம் இத்தனை வருஷம் பார்த்தது அப்படியே ஆள் மாறி உட்கார்ந்திருந்தது.

மாமா சொன்ன பதிலை ஆய்வேட்டில் சேர்த்து இறுதிப் பிரதி கொடுக்க வேண்டும் என்று பேராசிரியர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அன்புச்செல்வன் போன் செய்து, "அண்ணே, நீங்க பேசுனத எழுதிக் குடுத்தீங்கன்னா..." என்று இழுத்தார். மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. தன் ஆய்வேட்டில் இருந்த பக்கங்களையே, இங்கிலீஷில் அடித்து வைத்திருந்தபடி அப்படியே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். "என் சரக்கு இல்லாம அவனுக்கு டாக்டர் பட்டம் இல்ல மச்சான்" என்று கடையில் வந்து டீ வாங்கிக் கொடுத்தார். அன்புச்செல்வன் அதைத் தன் ஆய்வேட்டில் ஒட்டினார். முன்பக்கத்தில் உதவி செய்தவர்களுக்கு நன்றி சொல்லும் இடத்தில் மாமா பேரையும் போட்டார். ஒட்டிய இடத்தில் போடவில்லை. அந்த ஆய்வேடு இணையத்தில் ஏறியது.

கைதட்டு மாமாவை விடவில்லை. காதிலேயே இருந்தது என்று நினைக்கிறேன். "இன்னும் ஒரு அம்மா" என்பதை நிறுத்தினார். கல்லூரி விட்டால் என் கடை, கடை விட்டால் வீடு. அவருக்குக் கொடுத்திருந்த கூடுதல் காலமும் முடியப்போகிற நேரத்தில் எழுதியே முடித்துவிட்டார். அவர் கண் முன்னால் பத்திரிகை பைலைத் திறந்து பிராக்கெட்டைக் காட்டினேன். "தயாரா இரு, எடுத்துடலாம்" என்றார்.

ஆய்வேட்டைக் கொடுக்கிறதுக்கு முன்னால் பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு சோதனை உண்டு. வேறு எங்கிருந்தாவது காப்பியடித்திருந்தால் கம்ப்யூட்டர் கண்டுபிடித்துச் சிவப்படித்துக் காட்டும். பத்து சதவீதத்துக்கு மேல் போனால் திருப்பிவிடுவார்கள். மாமா அங்கிருந்து நேராக என் கடைக்கு வந்து காகிதங்களை மேசையில் போட்டார். அவருடைய ஆகச் சிறந்த இயல், சனிக்கிழமைப் பெண்களைப் பற்றிய இயல், பக்கம் பக்கமாகச் சிவந்து கிடந்தது. எங்கிருந்து காப்பியடித்தது என்ற இடத்தில் கம்ப்யூட்டர் ஒரே ஒரு பேரைப் போட்டிருந்தது. டாக்டர் அன்புச்செல்வன்.

"நான் அவங்கிட்டேர்ந்து திருடினேனாம் மச்சான்" என்றார். கத்துவார் என்று பார்த்தேன், கத்தவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து அந்தச் சிவப்பையே தடவிக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

நூலகத்தாரும் கைடும் ஒன்றையே சொன்னார்கள். அந்தப் பக்கங்களை எடுத்துவிட வேண்டும், அல்லது மேற்கோள் போட்டு, சகலை பேரைக் குறிப்பிட்டு, அவர் சொன்னதாக எழுத வேண்டும். புதிதாக வேறு மாதிரி எழுத நேரமில்லை, கடைசித் தேதி வந்துவிட்டது.

"எடுத்துடறேன்" என்றார் மாமா. "டாக்டர் அன்புச்செல்வன் கூறுவது போலன்னு நான் எழுதணுமா? செத்தாலும் எழுத மாட்டேன்." அதுவரை அவர் வாயிலிருந்து சகலை பேருக்கு முன்னால் டாக்டர் என்ற சொல் ஒருமுறைகூட வந்ததில்லை.

அக்கா மதியச் சாப்பாடு எடுத்துக்கொண்டு கடைக்கு வந்திருந்தாள். டிபன் கேரியரைக் கீழே வைக்காமல் நின்றபடியே சொன்னாள்.

"எடுத்துடுங்க. எடுத்துட்டா மிச்சம் என்னா இருக்குது அதுல? மொத இயலும் முடிவுரையுமா? அந்தப் பொம்பளைங்க உங்கள நம்பிச் சொன்னது. உங்க வயித்தெரிச்சலுக்கு அதத் தூக்கிப் போடுவீங்களா? அப்பறம் இத்தன வருஷமா நான் என்னாத்துக்குப் பொறுத்துகிட்டு இருந்தேன்?"

மாமா சாப்பிடவில்லை. ஸ்டூலை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "டைப் பண்ணு" என்றார். ஒவ்வொரு சிவப்பு இடத்திலும் அவர் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். டாக்டர் அன்புச்செல்வன் குறிப்பிடுவது போல. டாக்டர் அன்புச்செல்வன் எடுத்துரைப்பது போல. கடைசி இடத்தை விரலால் மட்டும் காட்டினார். நானே அடித்துக்கொண்டேன்.

மாமாவின் வைவாவுக்கு யாருக்கும் கேள்வித் துண்டு கொடுக்கவில்லை. அன்புச்செல்வனுக்கு அழைப்பு அனுப்பியதே அக்காதான். அவரும் தன் காலேஜ் முதல்வரைக் கூட்டிக்கொண்டு வந்து இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். மாமா அருமையாகப் பேசினார். வெளியூர்ப் பேராசிரியர், இந்த முறை ஒரு அம்மா, பக்கங்களைப் புரட்டிக்கொண்டே கேட்டார்.

"உங்க ஆய்வுல சிறந்த பகுதி இந்தச் சனிக்கிழமைப் பெண்கள்தான். ஆனா வரிக்கு வரி டாக்டர் அன்புச்செல்வன் சொன்னார்னு இருக்கே. அப்போ இதுல உங்க பங்களிப்பு என்ன?"

மாமா இரண்டாவது வரிசையைப் பார்த்தார். அது என்னுடையது என்று சொன்னால், சகலை திருடினான் என்று அவருடைய முதல்வர் எதிரில் சொன்ன மாதிரி ஆகும். சொல்லாவிட்டால் பட்டம் போகும். இத்தனை வருஷம் அந்த ஆளைக் கவிழ்க்க ஒரு வழி கிடைக்காதா என்று அலைந்தவருக்கு வழி கிடைத்து நிற்கிறது. அவர் கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது. கேமரா வழியாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லுங்க மாமா என்று மனசுக்குள் கத்தினேன். அடுத்த நொடி இளமதி ஞாபகம் வந்து, வேணாம் மாமா என்றும் கத்தினேன்.

இரண்டாவது வரிசையில் நாற்காலி நகர்ந்தது. அன்புச்செல்வன் எழுந்து நின்றார்.

"மேடம், அந்த அன்புச்செல்வன் நான்தாங்க. அந்தப் பக்கமெல்லாம் அண்ணனோடது. என் வைவாவுல அவங்க சொன்னது, அவங்களே எழுதிக் குடுத்தது. முன்னாடி நன்றி மட்டும் போட்டுட்டு, அந்த எடத்துல பேர் போடாம விட்டது என் தப்பு. என் தீசிஸ்ல எல்லாரும் நல்லா இருக்குதுன்னு சொல்ற ஒரே பகுதி அதுதாங்க. ஒவ்வொரு தடவ யாராச்சும் பாராட்டுறப்பவும் எனக்கு எரியும்" என்று சொல்லிவிட்டு உட்காராமலே நின்றார். முதல்வர் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

முதலில் ஒருத்தர் தட்டினார். பிறகு சபையே தட்டியது. அந்த அம்மாவும் தட்டினார்கள். அப்பா எழுந்து நின்று தட்டினார். கொஞ்ச நேரத்தில் மாமாவுக்குப் பட்டம் அறிவித்தார்கள், அதற்கும் தட்டினார்கள். அக்கா தட்டாமல் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

சாயங்காலம் மாமா கடைக்கு வந்தார். பிளெக்ஸ் தயாராக இருந்தது. முனைவர் தனக்கோடி என்று போட்டு, பட்டங்களை வரிசையாகப் போட்டு, பிராக்கெட் இல்லாமல் முடித்திருந்தேன். பார்த்து மகிழ்வார் என்று தள்ளி நின்றேன். மாமா அதைப் பார்க்கவே இல்லை.

"வீடியோவப் போடு" என்றார்.

போட்டேன். அன்புச்செல்வன் எழுந்து பேசுகிற இடத்துக்குப் போகச் சொல்லி, கைதட்டு முடிகிற வரைக்கும் ஓடவிட்டார். பிறகு தனக்குப் பட்டம் அறிவித்த இடத்துக்கு ஓட்டச் சொன்னார். அதையும் முடிகிற வரைக்கும் கேட்டார், அது சீக்கிரமே முடிந்தது.

"கேட்டியா?"

"கேட்டேன் மாமா. நல்லா தட்டுனாங்க."

"எனக்கு எங்கடா தட்டுனாங்க?" என்றார். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. "என் வைவாவுலயும் அவந்தான்டா கைதட்டு வாங்கிட்டுப் போறான்."